இறைபணியும் பயன்கணக்கும்

இறைவனுக்குத் தொண்டு செய்வதனால் அடியவன் அடையும் பயன் யாதேனும் உண்டா என்ற வினாவை நேராக எழுப்புவோர் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரேயாவர். எழுப்பவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படுவதில்லை. வினா எழுமுன்பே விடை நடைமுறையில் இருக்கின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் இருபத்தைந்து நாட்களிலும் வெளிவீதி மணலிற் பிரதட்டை பண்ணும் ஆடவரும், அடியழிக்கும் பெண்களும், செடில் குத்திக் காவடி எடுக்கும் இளைஞரும், கற்பூரச்சட்டி ஏந்திவரும் தாய்மாரும் அந்த விடையைத் தம் உடலாலேயே எழுதிக் காட்டுகின்றனர். நோய் தீர்ந்தது, மகளுக்குத் திருமணம் நிறைவேறியது, வெளிநாடு சென்ற மகனுக்கு வதிவிட உரிமை கிடைத்தது, ஆதலின் இந்தக் காவடி. எமது பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கன்று. வளாகத்தினுள்ளே இருக்கும் பரமேஸ்வரன் கோயிலிற் பரீட்சைக் காலத்தில் எரியும் கற்பூரம் மற்றைக் காலங்களில் எரிவதில்லை என்பதை மாணவர் யாவரும் அறிவர். மெய்யியல் கற்கும் மாணவரும் அக்கூட்டத்தில் அடங்குவர் என்பதை அப்பாடத்தைக் கற்பவன் என்ற முறையிற் சொல்லிவைக்கலாம்.

இவ்வழக்கத்திற்கு எம்மவர் இட்ட பெயர் 'நேர்த்திக்கடன்' என்பதாகும். அச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். நேர்தல் என்பது உடன்படுதல். கடன் என்பது பெற்றதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கவேண்டியது. கடமை என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டாயினும், வழக்கில் முன்னைய பொருளே மேலோங்கி நிற்கின்றது. கேட்டதைத் தெய்வம் தந்துவிட்டது; தருவதாகச் சொன்னதை அடியவன் தராதிருக்கின்றான்; அக்கடன் ஆண்டுகள் கடந்தாலும் அவனைத் தொடரும் என்ற அச்சம் எமது வீடுகளில் இன்றும் உண்டு. வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் வந்தால், மறந்துபோன நேர்த்தி ஏதேனும் இருக்கின்றதா என்று பழைய கணக்கைக் கிளறிப் பார்ப்பதும் உண்டு. இங்கே பயன் என்பது ஐயத்திற்கிடமான ஒன்றன்று. அது முற்பணமாகவே பெறப்பட்டுவிட்டது.

இது வாணிகமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ் மரபிலேயே நெடிய முன்னோடிகள் உளர். இம்மையிற் செய்த அறம் மறுமைக்கு உதவும் என்ற எண்ணத்தால் அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று புறநானூற்றிலே முடமோசியார் அவனைப் பாராட்டுகின்றார். பாராட்டுக்குரிய சிறப்பாக இது எடுத்துரைக்கப்படுவதனால், அக்காலத்திலேயே அறவணிகர் பலர் இருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. கிரேக்க நாட்டிற் பிளேற்றோ எழுதிய 'யூதிப்புரோ' என்னும் உரையாடலிற் சோக்கிரதீசு இதே இடத்தை வேறொரு வழியால் வந்தடைகின்றார். குதிரையைப் பேணுபவனால் குதிரை நன்மையடைகின்றது. தேவரைப் பேணுபவனால் தேவர் நன்மை அடைகின்றனரா? குறைவிலா நிறைவுடையோருக்கு மனிதன் என்ன நன்மையைக் கொடுக்க முடியும்? கொடுப்பதும் கேட்பதும்தான் பத்தி என்றால், அது தேவருக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட ஒரு வாணிகக் கலையாகவன்றோ முடிகின்றது என்று அவர் வினவ, யூதிப்புரோ விடைகூற இயலாமல் வேலை இருப்பதாகச் சொல்லிச் செல்கின்றான். மாணிக்கவாசகரோ வாணிக உவமையை அஞ்சி விலக்காமல் எடுத்தாண்டு தலைகீழாக்கிவிடுகின்றார். இறைவன் தன்னைக் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டான், இந்தப் பண்டமாற்றிற் கெட்டிக்காரர் யார் என்று கோயிற்றிருப்பதிகத்தில் அவர் கேட்பது, வாணிகத்தின் சொற்களாலேயே வாணிகத்தை உடைப்பதாகும். ஒரு பக்கம் முழு நட்டம் நேர்ந்த வியாபாரத்தை எவரும் வியாபாரம் என்று அழைப்பதில்லை.

எனினும், பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்துகொண்டு நேர்த்திக்கடன் வைப்போரை எள்ளிநகையாடுதல் மிக எளிது. அவ்வெளிமையை ஐயுறவேண்டும். வைத்தியரும் சட்டத்தரணியும் வங்கி முகாமையாளரும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவன், முருகனிடம் பேரம் பேசுபவளை நோக்கி, உனது பத்தி தாழ்ந்தது என்கின்றான். அவளுக்கு முறையிட வேறு இடமில்லை என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. மேலும், வேண்டியது கிடையாதபோதும் காவடி எடுக்கும் மனிதர் எமது ஊர்களில் உளர். பிள்ளை பிழைக்கவில்லை; ஆயினும் நேர்ந்ததைச் செலுத்திவிட்டேன் என்பர். வாணிக நூலில் இதற்கு இடமில்லை. சரக்கு வந்துசேராத இடத்திற் பணம் செலுத்துபவனை வணிகன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நேர்த்தி என்பது வெளித்தோற்றத்தில் ஒப்பந்தமாயினும், உள்ளே வேறொன்று இயங்குகின்றது போலும். அது யாது என்பதே இக்கட்டுரை தேடுவது.

முதலில், கணக்கு எவ்விடத்தில் முறிந்துபோகின்றது என்பதைக் கண்டுகொள்ளல் வேண்டும். எமது மண்ணில் அதற்கு நூல்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. ஈழத்தின் ஈச்சரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் கீரிமலை நகுலேஸ்வரம் 1990 ஆம் ஆண்டில் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. பின்னர் நீண்டகாலம் அடியவர் அணுக முடியாத இராணுவப் பகுதிக்குள் அது அகப்பட்டுக் கிடந்தது. காத்தருள்க என்று வேண்டப்பட்டவரின் இல்லமே காக்கப்படவில்லை. 1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள், வலிகாமத்தின் மேற்குப் பகுதிகளை நோக்கி இராணுவம் முன்னேறியபோது வீடுகளை விட்டோடிய மக்கள் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அயலிலிருந்த முருகன் கோயிலிலும் தங்கினர். அன்று மாலை அங்கே விமானத்திலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. குழந்தைகளும் பெண்களும் முதியோருமாகப் பெருந்தொகையானோர் மாண்டனர். அவர்கள் தெய்வத்தை மறந்தவர்களல்லர். தெய்வத்தின் வீடு என்பதனாலேயே அவ்விடத்தை நம்பி வந்தவர்கள். கத்தோலிக்கர், சைவர் என்ற வேறுபாடும் அங்கே இருக்கவில்லை. இந்நிகழ்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, தொண்டு செய்தவனுக்கு இவ்வுலகிற் பாதுகாப்பு உண்டு என்று எவரும் நேர்மையோடு எழுத முடியாது.

இதற்குச் சமயங்கள் தரும் விளக்கங்கள் இரண்டை மாத்திரம் நோக்குவோம். ஒன்று விவிலியத்தின் யோபு நூல். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து நாவலர் மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய நூற்றொகுதியில் உள்ளதாகையால் அது எமக்கு அந்நியமானதன்று. யோபு சும்மாவா தெய்வத்துக்கு அஞ்சி நடக்கின்றான், வேலியிட்டுக் காத்து வளங்கொடுத்தமையால் அன்றோ என்று சாத்தான் கேட்கின்றான். எமது வினாவை இத்துணைக் கூர்மையாக வேறெவரும் கேட்டதில்லை. அதைக் கேட்டவன் சாத்தான் என்பதும் சிந்திக்கத்தக்கது. யோபு அனைத்தையும் இழக்கின்றான், புலம்புகின்றான், தெய்வத்தோடு வழக்காடுகின்றான், ஆயினும் விட்டு நீங்குகின்றானில்லை. இவ்வளவில் நூல் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! இறுதி அதிகாரத்தில் அவனுக்குச் செல்வம் இருமடங்காகத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. ஏழு ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளும் மீண்டும் பிறக்கின்றனர். ஆடுமாடுகளுக்கு ஆடுமாடுகள் ஈடாகலாம். இறந்த பிள்ளைக்குப் பிறந்த பிள்ளை எவ்வாறு ஈடாகும்? முழு நூலும் மறுத்த கணக்கை முடிவுரை மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பதே எனது கருத்து.

மற்றது, எமக்கு நெருங்கிய வினைக்கோட்பாடு. வந்த துன்பம் முன்வினையின் பயன். செய்யும் தொண்டின் பயன் பின்னர் வரும். தருக்க அளவில் இதற்கு மறுப்புக் கூறுதல் கடினம். ஏனெனிற் கணக்குப் புத்தகம் எவராலும் பார்க்க முடியாத பிறவிகளிலே கிடக்கின்றது. ஆனால் ஒரு கோட்பாட்டை யார், யாரை நோக்கிச் சொல்லுகின்றார் என்பதும் அதன் பொருளின் ஒரு பகுதியாகும். துன்புற்றவன் தன்னை நோக்கி 'இது என் வினை' என்று கூறும்போது அது அவனை வெறுப்பிலிருந்து காக்கலாம். நவாலியிற் குழந்தையைப் பறிகொடுத்தவளை நோக்கி அயலான் 'இது உன் குழந்தையின் வினை' என்று கூறுவானாயின், அதே வாக்கியம் கொடுமையாகிவிடுகின்றது; குண்டை வீசியவனுக்கு விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுக்கின்றது. வினைக்கோட்பாடு தன்னிலையிற் பேசுதற்குரியது; படர்க்கையிற் பேசுதற்குரியதன்று.

வெளியிற் பயன் இல்லையெனிற் பயன் உள்ளத்தில் உண்டு என்று சிலர் பின்வாங்குவர். வழிபாடு மன அமைதி தருகின்றது, துணிவு தருகின்றது என்பர். அது மெய்யே. மதத்தை மக்களின் அபின் என்று மார்க்சு சொன்னதை விரிவுரை மண்டபங்களில் அடிக்கடி கேட்கின்றோம். அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் அவர் இரக்கத்தோடு குறித்ததை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆயினும், மன அமைதிதான் பயன் என்றால் இறைவன் என்பவர் வேண்டற்பாலரல்லர். நல்ல இசையும், கடற்காற்றும், நித்திரைக் குளிசையும் அதனைத் தரும். அன்றியும், இதுவும் வாணிகமே. பொன்னைக் கேட்டவன் இப்போது அமைதியைக் கேட்கின்றான்; கடை மாறவில்லை, சரக்கு மாறியிருக்கின்றது.

இவ்விடத்திற் சைவசித்தாந்தம் என்ன கூறுகின்றது என்பதை நோக்குதல் அவசியமாகின்றது. பொதுவாக எமது பாடசாலைச் சமயபாடங்களிற் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கும், அவற்றின் பயன்களாகிய சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்ற நான்கும் நிரைப்படுத்திக் கற்பிக்கப்படுகின்றன. பரீட்சைக்கு வசதியான அட்டவணைதான். ஆனால் இன்ன பணிக்கு இன்ன கூலி என்ற எண்ணத்தையே அது பிள்ளைகள் மனத்திற் பதிக்கின்றது. திருக்கோயிலைக் கூட்டி மெழுகினால் இறைவனின் உலகம் கிடைக்கும் என்று மனனம் செய்தவனுக்கு, கூட்டி மெழுகுதல் என்பது அங்கே செல்வதற்கான கட்டணம் என்றே தோன்றும்.

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் அமைப்பு இதினின்றும் வேறானது. பன்னிரண்டு சூத்திரங்களும் மும்மூன்றாகப் பகுக்கப்பட்டுப் பிரமாணவியல், இலக்கணவியல், சாதனவியல், பயனியல் என்று பெயர் பெறும். ஏழு முதல் ஒன்பது வரை சாதனம். பத்து முதற் பன்னிரண்டு வரை பயன். இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்றல் பேசப்படுவது எந்தச் சூத்திரத்தில்? பத்தாம் சூத்திரத்தில். அடியாரோடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே கண்டு தொழுதல் பேசப்படுவது பன்னிரண்டாம் சூத்திரத்தில். அதாவது, பணியும் ஆலய வழிபாடும் அடியார் கூட்டமும் இங்கே சாதனவியலில் வைக்கப்படவில்லை, பயனியலில் வைக்கப்பட்டுள்ளன. சூத்திரங்களை மனனம் செய்யும் நாம் அவை நிற்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. வீடுபேற்றை அடைந்த உயிர் செய்வது யாது என்று கேட்டால், சித்தாந்தத்தின் விடை, அது தொண்டு செய்கின்றது என்பதே. தொண்டினாற் பயன் உண்டா என்ற வினா, பசித்து உண்பவனை நோக்கி உண்டு முடித்த பின்னர் என்ன தருவார்கள் என்று கேட்பது போல ஆகிவிடுகின்றது.

பத்தாம் சூத்திரம் பணியில் நிற்பவனிடத்தில் மலமும் மாயையும் வல்வினையும் இல்லையாகும் என்று கூறுவது உண்மையே. அதுவும் ஒரு பயன்தானே என்று வினவலாம். பயனே. ஆனால் அங்கே நீங்குவது எது என்பதைக் கவனித்தல் வேண்டும். 'யான் செய்தேன், எனக்கு வரவேண்டும்' என்ற ஆணவ முனைப்பே நீங்குகின்றது. கணக்கு எழுதும் கையே அங்கு இல்லாது போகின்றது. பசராவில் வாழ்ந்த இறையன்பர் றாபியா, சுவர்க்கத்தை எரிக்க ஒரு கையில் நெருப்பும் நரகத்தை அவிக்க மறுகையில் நீரும் கொண்டு சென்றார் என்று இசுலாமிய மரபு கூறும் கதையும் இதனையே கருதியது போலும்.

இவ்விளக்கம் அழகாயிருக்கின்றது; அழகாயிருப்பதனாலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். பணியே பயன் என்றாற் பணிசெய்தவரிடத்து அப்பயன் காணப்படல் வேண்டுமன்றோ? 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்தது எமது சமய வரலாற்றின் ஒரு பக்கம். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட வந்தனர், வாயில் மறிக்கப்பட்டது. மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கல்லாத முரடரல்லர். கணிதப் பேராசிரியராகவும், சுதந்திர இலங்கையின் முதலாவது வர்த்தக அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்கீழ் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. ஆகமத்தையும் வழமையையும் காப்பதாகவே, அதாவது இறைபணி செய்வதாகவே, அவர்கள் எண்ணினர். அடியாரை இறைவன் எனக் காணும் பன்னிரண்டாம் சூத்திரத்தைக் கற்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவும் அபிடேகமும் செய்துவந்த ஓர் ஊரில், அத்தொண்டு வாயிலில் நின்ற மனிதனை அடியவனாகக் காணும் கண்ணைக் கூடத் தரவில்லை. தொண்டு உரிமைப் பத்திரமாக மாறிவிட்டால் அதிலே பயன் விளைவதில்லை. உபயகாரர் பெயர்கள் பொறித்த கற்கள் எமது கோயிற் சுவர்களில் ஆண்டுதோறும் பெருகிவருவதைக் காணும்போதும் இவ்வெண்ணமே எழுகின்றது.

இதற்கு மறுதலையாகவும் எமது மண்ணிற் காட்சிகள் உண்டு. 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஆறுமுக நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சாதியாசாரத்தை விட்டுக்கொடாதவர் அவர் என்பது மறைத்தற்குரியதன்று. ஆயினும் நூல் பதிப்பித்தலும், பாடசாலை நிறுவுதலும், கஞ்சி வார்த்தலும் அவருக்கு வேறுவேறு தொழில்களாக இருக்கவில்லை. தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியிற் பூசை மந்திர ஒலியின்றி, வாய்கட்டிய பூசகரால் மௌனமாக நடைபெறுகின்றது. அந்தணரல்லாத மரபினர் அங்கே பூசகர். அக்கோயிலைச் சூழ்ந்த மடங்களில் வந்தவர்க்கெல்லாம் சோறிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அன்னதானக் கந்தன் என்றே அப்பெருமானை மக்கள் அழைப்பர். அங்கே காய்கறி நறுக்குபவரிடம் உமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், கேட்டவரையும் ஒரு பூசணிக்காயை எடுத்து வெட்டும்படி சொல்லக்கூடும்.

நிற்க. இதுகாறும் கூறியவை பெரிதும் இழக்காதவர்கள் பேசக்கூடியவை. பெரியபுராணத்திலே திலகவதியார் தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரைப் போரில் இழக்கின்றார். தாய் தந்தையரையும் இழக்கின்றார். பின்னர் திருவதிகையில் திருக்கோயிலைக் கூட்டியும் மெழுகியும் பூமாலை தொடுத்தும் வாழ்கின்றார். தம்பிக்காக அவர் செய்த வேண்டுதல் நிறைவேறுகின்றது. தம்பி திருநாவுக்கரசராகி, கையில் உழவாரத்தோடு கோயில்தோறும் புல் செதுக்கிச் செல்கின்றார். கலிப்பகையார் மீளவில்லை. சேக்கிழார் அதற்கு ஈடு எதனையும் கூறாமல் விட்டது, யோபுவின் முடிவுரையினும் நேர்மையானது என்பேன்.

எமது காலத்துத் திலகவதியார்களோ இழந்ததை இழந்தது என்று சொல்லவும் உரிமையற்றவர்கள். போர் முடிவுற்ற 2009 இலும் அதற்கு முன்னரும் காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளையும் கணவரையும் தேடும் தாய்மாரும் மனைவியரும் 2017 ஆம் ஆண்டு பெப்புருவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் அமர்ந்த இடம் கந்தசுவாமி கோயில் முன்றல். தேங்காய் உடைத்தும் கற்பூரம் ஏந்தியும் அவர்கள் முறையிட்டதைப் பலரும் கண்டுள்ளனர். ஆண்டுகள் கழிந்தன; விடை காணாமலே பெற்றோர் பலர் மறைந்தனர். அவர்களுள் ஒருத்தியின் முன் நின்று, பணியே பயன் அம்மா, சிவஞானபோதம் பயனியலில் அப்படித்தான் வைத்திருக்கின்றது என்று சொல்ல எனக்கு நா எழாது. அவளுக்கு அதைச் சொல்லவேண்டியதுமில்லை. பேரம் என்று இகழப்படும் நேர்த்தியை அவள் எத்தனை கோயில்களில் வைத்திருப்பாள்! ஒன்றும் கிடைக்கவில்லை, ஆயினும் விளக்கேற்றுவதை அவள் நிறுத்தவில்லை. மகனை மறவாதிருத்தலும் முருகனை மறவாதிருத்தலும் அவளிடத்தில் ஒன்றாகிவிட்டன. ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும்.

இன்னுமொன்று அங்கே கவனிக்கத்தக்கது. உள்ளே சென்று கும்பிட்டவர்கள் வெளியே வந்து, கையிற் பிள்ளையின் படத்தோடு, வீதியை நோக்கியே அமர்ந்தனர். பிள்ளை எங்கே என்ற வினாவை அவர்கள் தெய்வத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்கு விடை சொல்லக் கடன்பட்டவர் யார் என்பதை அவர்கள் பதாகைகளில் எழுதிப் பிடித்திருந்தனர்.